பழைய ஹெட்போனை வயர்லெஸ் ஆக்குவது எப்படி?

உங்கள் வீட்டு மேஜை டிராயரில் பழைய ஹெட்போன் ஒன்று சும்மா கிடக்கிறதா? காதுக்கு இதமாக இருக்கும். ஒலியும் நன்றாக இருக்கும். வயர் மட்டும்தான் தொல்லை. நாற்காலிச் சக்கரத்தில் சிக்கும், எழுந்தால் இழுக்கும். அதற்காக நல்ல ஹெட்போனைத் தூக்கி எறியவும் மனம் வராது.

இப்படிப்பட்ட ஹெட்போனை அதிகச் செலவில்லாமல் வயர்லெஸ் ஆக மாற்றிவிடலாம். நான் ஒன்றை மாற்றினேன். பாட்டு கேட்பதற்காக அல்ல; மெட்டல் டிடெக்டர் கொண்டு மண்ணுக்குள் தேடும் ஒருவருக்காக. முதல் முறை நன்றாகத் தோற்றேன். ஏன் தோற்றேன் என்பதை என் கம்ப்யூட்டர்தான் எனக்குக் காட்டிக் கொடுத்தது. அந்த அனுபவத்தை இங்கே பாடமாகத் தருகிறேன். உங்களிடம் மெட்டல் டிடெக்டர் இல்லாவிட்டாலும் இது உங்களுக்கு உதவும்.

காதால் தேடும் வேலை

வேலை நிமித்தம் நான் இங்கிலாந்தில் சஃபோக் பகுதியில் இருக்கிறேன். இங்கே மெட்டல் டிடெக்டருடன் வயல்களில் நடப்பது பலருக்கும் பொழுதுபோக்கு. இதே பகுதியில் ஹாக்ஸன் என்ற ஊரில் 1992 நவம்பரில் ஒரு விவசாயி தன் சுத்தியலை வயலில் தொலைத்துவிட்டார். அதைத் தேடித் தரும்படி எரிக் லாஸ் என்பவரைக் கேட்டார். அவர் மெட்டல் டிடெக்டருடன் போனார். கிடைத்தது ரோமானியர் காலப் புதையல்! ஏறக்குறைய 15,000 நாணயங்களும் தங்க நகைகளும் வெள்ளிக் கரண்டிகளும் இருந்தன. சுத்தியலும் பிறகு கிடைத்தது. இன்று புதையலோடு அந்தச் சுத்தியலும் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது.

மெட்டல் டிடெக்டரின் அடியில் வட்டமாக இருக்கும் காயில் காந்தப்புலத்தை உண்டாக்குகிறது. மண்ணில் உலோகம் இருந்தால் அந்தப் புலம் மாறும். அந்த மாற்றம் ஒலியாக நம் காதுக்கு வரும். இரும்பு ஆணிக்கு ஒரு சத்தம், வெள்ளி நாணயத்துக்கு வேறு சத்தம். காயிலை இடம் வலமாக வீசிக்கொண்டே நடப்பார்கள். சிறிய நாணயத்தின் சத்தம் அரை செகண்ட் கூட நீடிக்காது. எனவே இந்தப் பொழுதுபோக்கில் ஹெட்போன்தான் கண்.

என் பக்கத்து வீட்டுப் பெரியவருக்கு எழுபது வயது தாண்டிவிட்டது. அவருடைய ஹெட்போனில் ஒவ்வொரு காதுக்கும் தனித்தனி வால்யூம் குமிழ் உண்டு. இடது காது அவருக்குச் சற்று மந்தம் என்பதால் அந்தப் பக்கத்தை மட்டும் கூட்டி வைத்துக் கொள்வார். இந்த வசதியுடன் அவருக்குப் பொருந்தும் புது வயர்லெஸ் ஹெட்போன் கிடைக்கவில்லை. பழையதிலோ, அந்தக் காலத்து டெலிபோன் வயர் போலச் சுருண்ட கனமான வயர். முள்புதரில் மாட்டும். மண் தோண்டக் குனிந்தால் தலையைப் பிடித்து இழுக்கும். ஒருநாள் அதில் கால் தடுக்கி விழுந்தே விட்டார். வயரோடு இனிமேல் வயலுக்குப் போகக்கூடாது என்று மகள் சொல்லிவிட்டார். என்னிடம் வந்து, "நீங்கள்தான் கம்ப்யூட்டர் ஆள், ஒரு வழி சொல்லுங்கள்" என்றார்.

முதல் முயற்சி

இது என்ன பெரிய வேலை என்று நினைத்தேன். ப்ளூடூத் டிரான்ஸ்மிட்டர் ஒன்றும் ரிசீவர் ஒன்றும் மலிவாக வாங்கினேன். டிரான்ஸ்மிட்டரை மெட்டல் டிடெக்டரின் ஹெட்போன் சாக்கெட்டில் சொருகினேன். ரிசீவரை ஹெட்போனில் மாட்டினேன். இரண்டும் உடனே இணைந்தன. பெரியவரின் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு.

ஞாயிற்றுக்கிழமை ஒரு விவசாயியின் மேய்ச்சல் நிலத்துக்குப் போனோம். சத்தம் வந்தது. பெரியவர் முப்பது வருடப் பழக்கத்தில் காட்டிய இடத்தில் தோண்டினார். ஒன்றும் இல்லை. பக்கத்தில் தோண்டினார். அங்கும் இல்லை. மூன்றாவது குழியில் ஒரு பித்தளைப் பொத்தான் கிடைத்தது. அன்று முழுவதும் இதே கதை. மாலையில் விவசாயி வந்து புல்தரையைப் பார்த்தார். குழியில் மாட்டின் கால் மாட்டினால் யார் பொறுப்பு என்று கேட்டார். இன்னொரு முறை இப்படி நடந்தால் தன் நிலத்தில் இடமில்லை என்று சொல்லிவிட்டுப் போனார். நிலத்துக்காரரின் அனுமதி இல்லாமல் இங்கே யாரும் தேட முடியாது. இருபது வருடம் காப்பாற்றிய அனுமதியை என் "உதவி" ஒரே நாளில் கெடுக்கப் பார்த்தது.

ஒலி ஏன் தாமதமாக வருகிறது?

வயரில் ஒலி அந்தக் கணமே காதுக்கு வந்துவிடும். ப்ளூடூத்தில் அப்படி இல்லை. ஒலி முதலில் எண்களாக மாற்றப்படுகிறது. பிறகு சிறு சிறு பொட்டலங்களாகக் கட்டி அனுப்பப்படுகிறது. ஷேர் ஆட்டோவை நினைத்துக் கொள்ளுங்கள். நீங்கள் ஏறியவுடன் அது கிளம்பாது. ஆள் நிரம்ப வேண்டும். பொட்டலம் நிரம்பும் வரை உங்கள் ஒலியும் காத்திருக்கும்.

வந்து சேர்ந்த பிறகும் காத்திருப்பு உண்டு. வழியில் ஒரு பொட்டலம் தவறினால் பாட்டு அறுபடக் கூடாது அல்லவா? அதற்காக ரிசீவர் கொஞ்சம் ஒலியைச் சேர்த்து வைத்துக்கொண்டு, பிறகே வெளியிடும். மாடியில் உள்ள தண்ணீர்த் தொட்டி போல. குழாயில் தண்ணீர் நின்றாலும் தொட்டியிலிருந்து வரும். இந்தச் சேமிப்பை பபர் என்பார்கள். பொட்டலம் கட்டும் முறைக்கு கோடெக் என்று பெயர். எல்லா ப்ளூடூத் ஹெட்போன்களிலும் இருக்கும் அடிப்படை கோடெக் எஸ்.பி.சி. ஆகும். இதில் மொத்தத் தாமதம் பெரும்பாலும் 150 முதல் 250 மில்லி செகண்ட் வரை இருக்கும். ஆயிரம் மில்லி செகண்ட் சேர்ந்தது ஒரு செகண்ட்.

"நான் ப்ளூடூத்தில்தான் சினிமா பார்க்கிறேன், உதடும் பேச்சும் சரியாகத்தானே இருக்கின்றன?" என்று நீங்கள் கேட்கலாம். பல வீடியோ புரோகிராம்கள் ஒலி எவ்வளவு தாமதமோ அவ்வளவு படத்தையும் தாமதப்படுத்திக் காட்டுகின்றன. அதனால் நமக்குத் தெரிவதில்லை. மெட்டல் டிடெக்டரில் தாமதப்படுத்தப் படம் இல்லை. அங்கே படம் என்பது உங்கள் கைதான். அது நிற்காமல் போய்க்கொண்டே இருக்கும்.

கணக்கைப் பாருங்கள். காயிலை ஒரு செகண்டுக்கு ஒரு மீட்டர் வேகத்தில் வீசுவதாக வைத்துக் கொள்வோம். தாமதம் 200 மில்லி செகண்ட் என்றால், சத்தம் காதுக்கு வரும்போது காயில் 20 சென்டிமீட்டர் தாண்டிப் போயிருக்கும். வலதுபக்கம் வீசும்போது 20 செ.மீ. வலப்புறம், இடதுபக்கம் வீசும்போது 20 செ.மீ. இடப்புறம். ஒரே நாணயம் 40 செ.மீ. இடைவெளியில் இரண்டு இடத்தில் இருப்பது போலக் கேட்கும். மெதுவாக நகர்த்தினால் பிழை குறையும் என்பது உண்மைதான். ஆனால் பல டிடெக்டர்களில் காயில் நகர்ந்தால்தான் சத்தமே வரும்.

கம்ப்யூட்டரில் தாமதத்தை அளப்பது எப்படி?

இதற்கு ஆடாசிட்டி என்ற இலவச புரோகிராம் போதும். ஒலியைப் பதிவு செய்யவும் வெட்டி ஒட்டவும் பயன்படுவது. அதன் சொந்த இணையதளத்திலிருந்தே டவுன்லோட் செய்திடுங்கள். இதோடு ஒரு மைக், சாதாரண வயர் இயர்போன் ஒன்று, ஒரு சாக்கெட்டை இரண்டாகப் பிரிக்கும் ஒய் ஸ்ப்ளிட்டர் ஆகியவை தேவை.

1. ஆடாசிட்டியைத் திறந்து, ஜெனரேட் மெனுவில் ரிதம் ட்ராக் என்பதைத் தேர்ந்தெடுங்கள். டெம்போ என்ற இடத்தில் 60 என்று கொடுங்கள். செகண்டுக்கு ஒரு "டிக்" என்ற ஒலி உருவாகும். இதை வேவ் பைலாக எக்ஸ்போர்ட் செய்து டெஸ்க்டாப்பில் வைத்துக் கொள்ளுங்கள்.

2. கம்ப்யூட்டரின் ஹெட்போன் சாக்கெட்டில் ஒய் ஸ்ப்ளிட்டரைச் சொருகுங்கள். ஒரு கிளையில் வயர் இயர்போன். மறு கிளையில் ப்ளூடூத் டிரான்ஸ்மிட்டர். ரிசீவரில் உங்கள் ஹெட்போன்.

3. இயர்போனையும் ஹெட்போனையும் மைக்குக்கு மிக அருகில் வையுங்கள்.

4. ஆடாசிட்டியில் புது விண்டோ திறந்து ரெக்கார்ட் பட்டனை அழுத்துங்கள். உடனே டெஸ்க்டாப்பில் உள்ள வேவ் பைலை மீடியா பிளேயரில் இயக்குங்கள். பத்து செகண்ட் போதும். நிறுத்துங்கள்.

5. பதிவான படத்தை ஜூம் செய்து பாருங்கள். ஒவ்வொரு டிக்கும் இரண்டு முறை வந்திருக்கும். முதலில் வருவது வயர் இயர்போன். அடுத்து வருவது வயர்லெஸ். முதல் டிக்கின் ஆரம்பத்திலிருந்து இரண்டாவது டிக்கின் ஆரம்பம் வரை மவுசால் இழுத்துத் தேர்ந்தெடுங்கள். விண்டோவின் அடியில் அந்த நீளம் செகண்டில் தெரியும். அதுதான் தாமதம்.

கம்ப்யூட்டரின் சொந்தத் தாமதம் இரண்டு ஒலிக்கும் பொது என்பதால் அது கணக்கில் வராது. இரண்டையும் துண்டித்து மீண்டும் இணைத்து ஐந்து முறை அளந்து சராசரி பாருங்கள். ஒவ்வொரு இணைப்பிலும் தாமதம் சற்று மாறலாம்.

என் மலிவு ஜோடிக்கு வந்த விடை 0.22 செகண்ட். மூன்று குழிகளின் ரகசியம் அந்தத் திரையில் தெரிந்தது. வயலுக்குப் போகும் முன் இதைச் செய்திருந்தால் விவசாயியிடம் தலை குனிந்திருக்க வேண்டியதில்லை.

எந்த ஜோடியை வாங்குவது?

தாமதம் குறைந்த கோடெக்குகள் உண்டு. ஆப்டெக்ஸ் லோ லேட்டன்சி என்ற கோடெக்கில் தாமதம் சுமார் 40 மில்லி செகண்ட். ஒரு முக்கிய விஷயம்: டிரான்ஸ்மிட்டர், ரிசீவர் இரண்டிலும் இந்த கோடெக் இருக்க வேண்டும். ஒன்றில் மட்டும் இருந்தால் இரண்டும் பேசாமல் எஸ்.பி.சி.க்கு இறங்கிவிடும். பாட்டு கேட்கும், எந்த எச்சரிக்கையும் வராது, பழைய தாமதம் அப்படியே இருக்கும். பெயர் போலத் தோன்றும் மற்ற ஆப்டெக்ஸ் வகைகளுக்கும் இந்தத் தாமதம் பொருந்தாது. ஆகவே பெட்டியில் "லோ லேட்டன்சி" என்ற வார்த்தை இருக்கிறதா என்று இரண்டு பெட்டியிலும் பாருங்கள். 2020ல் அறிவிக்கப்பட்ட எல்.இ. ஆடியோ முறையும் தாமதத்தைக் குறைக்க உதவும். அதற்கும் இதே விதி. இரண்டு பக்கமும் வேண்டும்.

இரண்டாவது வழி, ப்ளூடூத்தே இல்லாத, டிடெக்டர் கம்பெனிகளின் சொந்த வயர்லெஸ் முறை. காரெட் நிறுவனத்தின் இசட்-லிங்க் முறைக்கு 17 மில்லி செகண்ட் என்று அந்நிறுவனம் சொல்கிறது. விலை அதிகம், ஆனால் பழைய ஹெட்போனை அப்படியே மாட்டலாம்.

நான் லோ லேட்டன்சி ஜோடி வாங்கினேன். முதலில் அளந்தேன். 0.04 செகண்டை ஒட்டி வந்தது. அதாவது 4 செ.மீ. பிழை. பெரியவரின் காயிலின் குறுக்களவு 28 செ.மீ. இருக்கும்போது இது பெரிதல்ல.

இணைக்கும் முறை

வயரை வெட்டாமலே ஆரம்பியுங்கள். ரிசீவரை ஹெட்போனின் தலைப்பட்டையில் வெல்க்ரோவால் ஒட்டி, வயரைச் சுருட்டிக் கட்டி அதில் சொருகிப் பாருங்கள். பழைய ஹெட்போனில் 6.35 மி.மீ. தடித்த பின் இருந்தால் 3.5 மி.மீ. கன்வெர்ட்டர் வேண்டும். பின்னில் கறுப்பு வளையங்களை எண்ணுங்கள். இரண்டு என்றால் ஸ்டீரியோ. ஒன்றுதான் என்றால் மோனோ. அதை ரிசீவரின் ஸ்டீரியோ சாக்கெட்டில் நேராகச் சொருகினால் ஒரு பக்கம் ஷார்ட் ஆகும். அதற்கான கன்வெர்ட்டர் வாங்கிக் கொள்ளுங்கள். டிடெக்டர் பக்கம் ஒரு காதில் மட்டும் ஒலி வந்தால் அங்கும் மோனோ-ஸ்டீரியோ கன்வெர்ட்டர்தான் மருந்து.

எல்லாம் சரியாக வேலை செய்கிறது என்று உறுதியான பிறகே வயரை வெட்டுங்கள். ஒரு சாண் நீளம் விட்டு வெட்டி, புது 3.5 மி.மீ. ஸ்டீரியோ பின்னைச் சால்டர் செய்ய வேண்டும். உள்ளே மெல்லிய கம்பிகள் இருக்கும். பொதுவாகச் சிவப்பு வலது, பச்சை அல்லது நீலம் இடது, செம்பு நிறம் பொதுக் கம்பி. நிறத்தை மட்டும் நம்பாதீர்கள். வால்யூம் குமிழ்களை முழுதாகக் கூட்டி வைத்துவிட்டு மல்டிமீட்டரால் ஓம்ஸ் அளவைப் பாருங்கள். பொதுக் கம்பிக்கும் மற்ற இரண்டுக்கும் ஒரே அளவு வரும். இடதுக்கும் வலதுக்கும் இடையே ஏறக்குறைய இரட்டிப்பாக வரும்.

இந்தக் கம்பிகளின் மேல் வார்னிஷ் போன்ற பூச்சு இருக்கலாம். அதைச் சுரண்டி எடுத்தால்தான் ஈயம் பிடிக்கும். என் முதல் சால்டரிங் பிடிக்காமல் போனதற்கு இதுவே காரணம். சூடு காட்டினால் சுருங்கும் ட்யூபை முன்கூட்டியே வயரில் கோத்துவிடுங்கள். சால்டர் செய்த பின் ஞாபகம் வந்து பயனில்லை!

கவனிக்க வேண்டியவை

பேட்டரி, சார்ஜிங் சர்க்யூட் இரண்டும் உள்ளேயே இருக்கும் ரிசீவரை வாங்குங்கள். லித்தியம் பேட்டரியில் நீங்களே சால்டர் வைக்காதீர்கள். தீப்பிடிக்கும். தலையில் மாட்டும் பொருள் என்பதை மறக்க வேண்டாம்.

டிரான்ஸ்மிட்டரைக் காயிலிலிருந்து தள்ளி, கைப்பிடியின் பக்கம் கட்டுங்கள். அதை ஆன், ஆஃப் செய்து பாருங்கள். டிடெக்டரில் புதிதாக இரைச்சல் வந்தால் இன்னும் தள்ளி வையுங்கள்.

சில டிரான்ஸ்மிட்டர்கள் கொஞ்ச நேரம் ஒலி இல்லாவிட்டால் தூங்கிவிடும். பிறகு வரும் சத்தத்தின் ஆரம்பத்தை விழுங்கிவிடும். டிடெக்டரில் மெல்லிய தொடர் ஒலி வைக்கும் வசதி இருந்தால் அதை ஆன் செய்து வையுங்கள்.

100 ஓம்ஸுக்கு மேற்பட்ட ஹெட்போனில் சிறிய ரிசீவரின் ஒலி குறைவாகக் கேட்கலாம். வாங்கும்போதே கடைக்கு ஹெட்போனை எடுத்துப் போய்ச் சோதித்துப் பாருங்கள்.

டிடெக்டர் இல்லாதவர்களுக்கு

எலக்ட்ரானிக் கீபோர்டு பழகும் குழந்தை ப்ளூடூத் ஹெட்போனில் தாளம் தவறுகிறதா? கேம்ஸில் சுட்ட பிறகு சத்தம் வருகிறதா? குழந்தையைத் திட்டும் முன், ஒலிக்கும் கைக்கும் உறவுள்ள வேலையில் தாமதத்தை அளந்து பாருங்கள். பாட்டு மட்டும் கேட்பவர்கள் எந்த மலிவு ஜோடியையும் தாராளமாக வாங்கலாம். தாமதம் அவர்களை ஒன்றும் செய்யாது.

சட்டத்தையும் தெரிந்து கொள்ளுங்கள்

இதைப் படித்துவிட்டு நம் ஊரில் பழைய கோயில், கோட்டைப் பக்கம் டிடெக்டரைத் தூக்கிக்கொண்டு போய்விடாதீர்கள். இந்தியாவில் 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் மண்ணில் கிடைத்தால் கலெக்டருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். பாதுகாக்கப்பட்ட நினைவுச் சின்னங்களில் அனுமதியின்றித் தோண்டுவது 1958ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். இங்கிலாந்திலும் 1996ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, புதையல் என்று கருதத்தக்க பொருளை 14 நாட்களுக்குள் அதிகாரியிடம் தெரிவிக்க வேண்டும். ஹாக்ஸனில் எரிக் லாஸ் முழுவதையும் தானே தோண்டி எடுக்கவில்லை. உரியவர்களுக்குச் சொல்லி அனுப்பினார். தொல்லியல் அறிஞர்கள் வந்து முறையாகத் தோண்டினார்கள். அதனால்தான் எந்தப் பொருள் எந்த நிலையில் இருந்தது என்பது இன்றும் தெரிகிறது.

புது ஜோடியுடன் பெரியவர் மீண்டும் வயலுக்குப் போனபோது நானும் கூடப் போனேன். விவசாயியிடம் முதலில் போய் நடந்ததைச் சொன்னோம். அவர் வேலியோரம் நின்று பார்த்துக் கொண்டிருந்தார். சத்தம் வந்தது. பெரியவர் காயிலை இரண்டு முறை இப்படியும் அப்படியும் வீசினார். புல்லை மூடி போலத் திறந்து, ஒரே ஒரு குழி தோண்டினார். விக்டோரியா ராணியின் தலை போட்ட ஒரு பென்னி கிடைத்தது. விலை பெரிதல்ல. புல்லை மூடி, காலால் மிதித்துச் சமன் செய்துவிட்டு நிமிர்ந்தார். விவசாயி தலையை ஆட்டிவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போனார்.

நீங்களும் உங்கள் டிராயரில் உள்ள பழைய ஹெட்போனை எடுத்து முயன்று பாருங்கள். கத்தரிக்கோலைத் தொடும் முன் ஆடாசிட்டியைத் திறக்க மட்டும் மறவாதீர்கள்.